கோணமலைத் தொடர் – 9: கல்லில் வெட்டாத கல்வெட்டு

திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த வயற்புறங்களையும் பற்றி இடைக்காலத்திலும் அதனையடுத்தும் எழுந்த தமிழ் நூல்களுள், பெயராலேயே வாசகரைத் தடுமாறச் செய்வது கோணேசர் கல்வெட்டு. கவிராசவரோதயர் இயற்றியதாக வழங்கும் இந்நூல் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஏட்டில் எழுதப்பட்டு, கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டு, பிற்காலத்தில் அச்சேறியது. ஈழத்தின் கீழ்க்கரையில் 'கல்வெட்டு' என்ற சொல், கல்லெழுத்தை மட்டுமன்றி, கல்லில் எழுதியதுபோல் அழியாமல் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வழமைகளையும் உரிமைகளையும் குடிமுறைகளையும் பாட்டாகவோ வசனமாகவோ எழுதிவைத்த ஏட்டையும் குறித்தது. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தினுள்ளும் இப்பெயர் தாங்கிய பாடற்பகுதிகள் காணப்படுகின்றன. இறந்தவரின் குடிவழியையும் வாழ்க்கையையும் பாட்டில் அமைத்து, முப்பத்தோராம் நாளில் உறவினருக்கு அச்சிட்டு வழங்கும் சிறு புத்தகத்தை ஈழத்தவர் இன்றும் 'கல்வெட்டு' என்றே சொல்வதை நினைத்தால், அந்தப் பழைய பொருள் முற்றிலும் வழக்கொழிந்துவிடவில்லை என்பது விளங்கும்.

நூல் பாட்டும் வசனமும் கலந்தது. சோழநாட்டு மன்னன் வரராமதேவனின் மகனாகிய குளக்கோட்டன் கோணமலைக்கு வந்து கோயிலும் கோபுரமும் எடுத்ததும், கோயில் வயல்களுக்கு நீர்பாய்ச்சக் கந்தளாய்க் குளத்தைக் கட்டியதும், உன்னாசகிரி அரசியாகிய ஆடகசவுந்தரியை மணந்ததும், மருங்கூர், காரைக்கால் முதலிய ஊர்களிலிருந்து குடிகளை அழைத்துவந்து கோயிற்கடமைகளைப் பங்கிட்டுக் கொடுத்ததும், இவர்களுக்குள் வழக்கு நேர்ந்தால் தீர்ப்பதற்கு மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்னும் வன்னியனைக் கொணர்ந்து அமர்த்தியதும் நூலின் செய்திகள். வன்னியர் என்பது இங்கே ஒரு சாதிப்பெயராக நிற்காமல், பேரரசுக்குத் திறை செலுத்திக்கொண்டு ஒரு சிறுநிலப்பகுதியைத் தம் பொறுப்பில் ஆண்ட குறுநிலத் தலைவர்களைக் குறிக்கிறது. திருப்பணி நிகழ்ந்த காலத்தையும் நூல் தயங்காமல் சொல்கிறது: கலியுகம் பிறந்து 512 ஆண்டுகள் சென்றபின். கணக்கிட்டால் கி.மு. 2590 அளவில் வருகிறது.

இந்த ஓர் ஆண்டெண்தான் நூலைப் பற்றிய நூற்றாண்டுக்கால விவாதத்தை வழிதவறச் செய்தது என்று சொல்லலாம். ஊர்ப் பற்றும் சைவப் பற்றும் மிக்கவர்கள் அவ்வெண்ணை அப்படியே ஏற்றுக் கோணேசுவரத்தின் தொன்மைக்குச் சான்றாக்கினர். ஆய்வு நெறியில் பயின்றவர்களுட் சிலர் அதே எண்ணைக் காட்டி நூலையே கட்டுக்கதை என்று தள்ளினர். இரு சாராரும் நூலிடம் கேட்டது 'குளக்கோட்டன் எப்போது வந்தான்?' என்ற ஒரே கேள்வியைத்தான். விடை சொல்வதற்கென்று எழுதப்படாத நூலிடம் அந்த விடையைத் தேடியதால், அது உண்மையில் சொல்லவந்த பகுதி, அதாவது யார் எந்தக் கடமைக்கு உரியவர், எந்த வயலின் நெல் எந்தப் பூசைக்குரியது என்னும் வசனப் பகுதி, நெடுங்காலம் பின்னிணைப்புப் போலக் கிடந்தது.

இத்தகைய நூல்களை எப்படி வாசிப்பது என்பதற்கு ஆங்கில இடைக்கால இலக்கிய ஆய்வு நல்லதோர் ஒப்புமை தருகிறது. மொன்மத்து ஊரைச் சேர்ந்த ஜெஃப்ரி என்பவர் 1136ஐ ஒட்டி இலத்தீனில் எழுதிய பிரித்தானிய அரசர் வரலாறு, திரோய் நகரத்து வீரன் ஒருவனின் வழிவந்த புரூட்டசு என்பான் அத்தீவில் முதன்முதல் குடியேறியதையும், ஆர்தர் மன்னனின் வெற்றிகளையும், தாம் பழைய நூலொன்றிலிருந்து பெயர்த்ததாகச் சொல்லி விரிக்கிறது. புரூட்டசு வந்தானா என்று இன்று எந்த ஆய்வாளரும் வினவுவதில்லை. 1066இல் இங்கிலாந்தை வென்று எழுபது ஆண்டு ஆண்டுவிட்ட நோர்மன் பிரபுக்களுக்கு அத்தகைய பழங்கதை ஏன் வேண்டியிருந்தது என்பதே ஆய்வுக்குரிய கேள்வி.

இன்னும் நெருங்கிய ஒப்புமை கிளாஸ்டன்பரி என்னும் ஊரின் துறவிமடம். 1184இல் அம்மடம் தீக்கிரையாயிற்று. மீளக்கட்டப் பொருளுதவிய இரண்டாம் ஹென்றி மன்னன் 1189இல் இறந்துவிட, அடுத்து வந்தவன் சிலுவைப்போரில் மனம் செலுத்தியதால் உதவி நின்றது. 1191ஐ ஒட்டி மடத்து நிலத்தைத் தோண்டிய துறவிகள், ஆர்தர் மன்னனின் கல்லறையைக் கண்டெடுத்ததாக அறிவித்தனர். யாத்திரிகர் வரவுக்கு அதைவிடச் சிறந்த அழைப்பு வேறில்லை. ஆனால் அக்கல்லறைச் செய்தியோடு இணைத்துப் பேசப்படும் அதே மடாதிபதி ஹென்றி டி சல்லி, 1189இல் தம் மடத்துக்குரிய நிலங்களையெல்லாம் விசாரித்து, எந்தக் குடியானவன் ஆண்டுக்கு எத்தனை நாள் ஏருழ வேண்டும், எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஓர் ஏட்டில் பதியவைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆங்கில ஆய்வாளர் இவ்வகை ஏடுகளை வழமைப் பதிவேடு என்று தனிவகையாக்கி, அக்காலக் குடியானவர் வாழ்க்கையை அறியத் தலையாய சான்றாகக் கொள்கின்றனர். கிளாஸ்டன்பரியில் கல்லறைக் கதையும் கடமைப் பதிவும் இரு வேறு ஏடுகளில் கிடைக்கின்றன. கோணேசர் கல்வெட்டில் இரண்டும் ஒரே கட்டில் கட்டப்பட்டுள்ளன. அதனால்தான் கதையைத் தள்ளியவர்கள் பதிவையும் சேர்த்துத் தள்ளினர்.

பதிவுப் பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நூல் கோயிற் குடிகளைத் தானத்தார் என்றும் வரிப்பற்றார் என்றும் இரு பெரும் பிரிவாக வகுக்கிறது. தானம் என்பது கோயிலின் நிருவாகத்தையும் பண்டாரத்தையும் சார்ந்த பொறுப்பு. பண்டாரம் என்றால் கோயிலின் பொருட்களஞ்சியம். வரிப்பற்றுக்கு உரியவர்கள் கையால் செய்யும் பணிகளுக்குப் பொறுப்பானவர்கள். பூவெடுத்தல், மாலை தொடுத்தல், நெல்லைக் குற்றி அரிசியாக்குதல், சந்தனம் அரைத்தல், திருவிளக்கிடுதல், பாத்திரம் துலக்குதல், மெழுகுதல் என்று கோயிலின் ஒரு நாள் விடிந்து அடையும்வரை நடக்கும் வேலைகள் ஒவ்வொன்றும் ஒரு குடியின் மேல் ஏறுகின்றன. இப்பணிகளுக்குத் தொழும்பு என்று பெயர், செய்பவர் தொழும்பாளர். ஒவ்வொரு தொழும்புக்கும் ஈடாக வயல் உண்டு, விளைவில் பங்கு உண்டு, திருவிழாவில் நிற்கும் இடமும் பெறும் வரிசையும் உண்டு. வரிசை என்பது பிரசாதமும் மாலையும் பரிவட்டமும் யாருக்கு முன், யாருக்குப் பின் என்னும் முறை. நெல்லின் அளவு அவணத்தில் சொல்லப்படுகிறது. அவணம் முகத்தலளவை, அவ்வளவு விதைநெல் விதைக்கக்கூடிய நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. பரப்பை அளக்காமல் விதையை அளந்து வயலைச் சொல்லும் அவ்வழக்கம் கீழ்மாகாண விவசாயிகளுக்குப் புதிதன்று.

சந்தனம் அரைப்பவரின் உரிமையை எழுதிவைக்கவா இத்தனை பெரிய கதை என்று தோன்றலாம். ஆனால் இடைக்காலச் சமூகத்தில் உரிமை என்பது மூதாதை பெற்ற கடமையின் மறுபெயர். குளக்கோட்டன் அழைத்துவந்த குடி என்று ஏட்டில் இருந்தால் அக்குடிக்கு வயல் உண்டு, இல்லையேல் இல்லை. கலி 512 என்ற எண்ணுக்கும் இதே வேலைதான்: எவராலும் அதற்கு முந்திய காலத்தைச் சொல்லி வழக்காட முடியாத அளவுக்கு உரிமையைப் பின்னே தள்ளி வைப்பது.

குளக்கோட்டன் என்பது இயற்பெயரா என்பதிலேயே ஐயம் உண்டு. குளமும் கோட்டமும் கட்டியவன் என்ற பொருளில் பிற்காலத்தார் இட்ட சிறப்புப் பெயராக அதனைக் கொள்வது பொருந்தும். திருகோணமலையிலுள்ள பிரட்றிக் கோட்டையில் கிடைத்த, கிரந்த எழுத்தில் அமைந்த சிதைந்த வடமொழிச் சாசனம் ஒன்று, சோடகங்கன் என்பவன் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், இலங்கைக்கு வந்ததைக் கூறிக் கோகர்ணத்தையும் குறிப்பிடுகிறது. கோகர்ணம் திருகோணமலையின் பழைய வடமொழிப் பெயர். கலிங்க மாகன் பொலன்னறுவையைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த காலம் அது. இச்சோடகங்கனே ஏடுகளின் குளக்கோட்டன் என்னும் கருத்தைப் பேராசிரியர் சி. பத்மநாதன் முன்வைத்தார். கருத்து கவர்ச்சியானது, எனினும் எஞ்சியுள்ள சில வரிகளில் திருப்பணியின் முழு விவரம் இல்லாததால், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் வலுவான ஊகமாகக் கொள்வதே தகும். கந்தளாய்க் குளமோ அநுராதபுர அரசர் காலத்திலேயே தோன்றியது. பிற்காலத்தில் குளத்தையோ கால்வாயையோ திருத்திய ஒருவனின் பெயரில் முழுக் குளமும் ஏறிவிடுவது நீர்ப்பாசன வரலாற்றில் வழக்கமாக நிகழ்வதுதான்.

நூலில் வரும் கயவாகு (கஜபாகு) மன்னனின் நிலை இதைவிடத் தெளிவானது. கோயிலை அழிக்க வந்து கண்ணொளி இழந்து, பின்னர் இறைவனருளால் அதனை மீளப்பெற்று, கோயிலுக்குக் கொடைகள் வழங்கியவனாகக் கோணமலை இலக்கியங்கள் அவனைக் காட்டும். கண் தழைத்த இடமே கந்தளாய் ஆயிற்று என்பது அதனோடொட்டிய பெயர்க்காரணம். பெயர்க்காரணம் இனிது, மொழியியலுக்கு ஒவ்வாது. ஆனால் 1132 முதல் 1153 வரை ஆண்ட இரண்டாம் கஜபாகு, முதலாம் பராக்கிரமபாகுவோடு போரிட்டுக் களைத்தபின் தன் இறுதிக் காலத்தைக் கந்தளாயிலேயே கழித்ததைப் பாளி வரலாற்று நூலாகிய சூளவம்சம் சொல்கிறது. மாற்றுச் சமயத்துப் பிரபுக்களை வெளிநாட்டிலிருந்து அழைத்தான் என்று அவனைக் குறைகூறவும் செய்கிறது. சூளவம்சம் பழியாக எழுதியதைக் கோணமலை ஏடு புண்ணியமாக எழுதியிருக்கிறது என்று கொண்டால், இரண்டும் ஒரே மனிதனைப் பற்றியவை என்பது தெளிவாகும்.

கற்கள் இவ்வேட்டுக்குத் துணைநிற்கும் இடங்கள் வேறும் உள. சோழர் காலத்தைச் சார்ந்த நிலாவெளிச் சாசனம், கோணமலை மச்சகேச்சரத்து மகாதேவர்க்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுகிறது. வேலி ஒன்று ஆறரை ஏக்கர் எனக் கொண்டாலும் 1,600 ஏக்கருக்குக் குறையாத பரப்பு அது. அத்தனை நிலத்தை உழவும் நீர்பாய்ச்சவும் கணக்கெழுதவும் ஆட்கள் வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணும்போது, குடிகளைக் கொணர்ந்து கடமை வகுத்த கதை வெறுங்கற்பனையாகத் தோன்றவில்லை. கந்தளாயை அடுத்த பாலமோட்டைச் சாசனம் முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரியது. நங்கைசானி என்னும் அந்தணப் பெண் தன் கணவன் நினைவாகச் சிவன் கோயிலுக்குக் கொடையளித்ததையும், அதனைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதையும் அது சொல்கிறது. அக்கோயிலைத் தென்கயிலாசம் என்று அச்சாசனம் அழைக்கிறது. பிற்காலப் புராணத்துக்குத் தலைப்பாக அமைந்த தட்சிணகைலாசம் என்ற சொல், புலவரின் புனைவாக அன்றி, 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மக்கள் வழக்கில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தப் புராணத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். தட்சிணகைலாச புராணம் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆதரவில் எழுந்தது. ஆசிரியர் செகராசசேகர மன்னனே என்பாரும் பண்டிதராசர் என்பாரும் உளர். அதன் நடை அரசவை நடை. தலத்தின் பெருமையே அதன் பொருள். ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்கோணமலைப் பதிகத்தில் கடலும் முத்தும் மலையும் வருகின்றன. அருணகிரிநாதரின் திருப்புகழிலும் இத்தலம் இடம்பெறுகிறது. இவற்றுள் எதிலும் நெல் குற்றுபவர் வருவதில்லை.

1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணமலையிலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கோட்டை எழுப்பியதோடு இவ்விலக்கியத்தின் சூழல் முற்றிலும் மாறியது. கோட்டை வாயிலின் வலப்பக்கத்து நிலைக்கல்லில் பாண்டியரின் சின்னமாகிய இரட்டைக் கயலும், அருகே சிதைந்த தமிழெழுத்துகளும் இன்றும் உள்ளன. 13ஆம் நூற்றாண்டில் சடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் தன் கயற்சின்னத்தைப் பொறித்த செய்தியைப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைச் சாசனம் கூறுவதால், அக்கயல்களை அவனோடு தொடர்புறுத்துவது இயல்பு. எழுத்துகளோ வேறொன்றைப் பேசுகின்றன: குளக்கோட்டனின் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்னும் முன்னறிவிப்பு. கல்லில் எஞ்சியிருப்பவை துண்டுச் சொற்களே. முழுப்பாட்டும் வாய்மொழியாகவும் அச்சிலும் வந்தது. பறங்கிக்குப் பின் ஆளவரும் வேற்றவர்களைக் கண்ணின் நிறங்கொண்டு அடையாளம் சொல்லி, இறுதியில் வடுகரிடம் போய் நிற்கிறது அப்பாட்டு. கல்லையும் பாட்டையும் ஒன்றாக எண்ணிக் கல்லில் இல்லாததையும் கல்லில் உள்ளதாக எழுதிவிட்டவர்கள் பலர்.

இவ்வகை முன்னறிவிப்புக்கும் ஆங்கில ஆய்வில் ஒரு கருவி உண்டு. மேலே குறித்த ஜெஃப்ரி, மெர்லின் என்னும் தீர்க்கதரிசியின் வாக்குகளாகச் சிலவற்றைத் தொகுத்துத் தம் நூலில் சேர்த்தார். அவ்வாக்குகள் ஜெஃப்ரியின் காலம்வரை நடந்தவற்றை விளங்கக் கூறி, அதற்கப்பால் புகைபடர்ந்து சிங்கமும் பாம்புமாக மயங்குகின்றன. எங்கே தெளிவு முடிந்து மயக்கம் தொடங்குகிறதோ அங்கேதான் எழுதியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆய்வாளர் கணிப்பர். கோணமலைப் பாட்டில் பறங்கியின் செயல் வெளிப்படையாகவும், பின்வருவோர் கண்ணிறமாக மட்டும் மங்கலாகவும் வருவதைக் கொண்டு பார்த்தால், பாட்டு இடிப்பை ஒட்டிய தலைமுறைக்குரியது என்று கொள்ள இடமுண்டு. இலங்கைப் படையெடுப்பு வரலாற்றை எழுதிய பெர்னாவோ த குவேறோஸ் பாதிரியார் கோவாவிலிருந்து 1680களில் எழுதி முடித்த நூலிலும் கோயிற்கல்லின் இம்முன்னறிவிப்பு இடம்பெறுவது, செய்தி அதற்குள் எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பதைக் காட்டும்.

கோயில் இல்லாத காலத்தில்தான் கோயில் வழமைகளை எழுதிவைக்க வேண்டிய தேவை மிகுந்தது. நடந்துகொண்டிருக்கும் பூசைக்கு ஏடு வேண்டியதில்லை. நாளும் செய்பவர் கைக்கு அது தெரியும். மலைமேல் கோயில் இருந்தவிடத்தில் பீரங்கிகள் நின்ற காலத்தில், காப்பாற்றப்பட்ட திருவுருவங்களோடு வழிபாடு உள்நாட்டுக்குப் பெயர்ந்து, தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலாக நிலைகொண்டது. தொழும்பு முறை அங்கேதான் தொடர்ந்தது. எனவே யார் எதற்கு உரியவர் என்பதை ஐயமறச் சொல்லும் ஏடும் அங்கேதான் தேவைப்பட்டது. கோணேசர் கல்வெட்டின் இன்றைய வடிவம் 17ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று பலர் கருதுவதற்கு மொழிநடை மட்டுமன்றி இச்சூழலும் பொருந்திவருகிறது. திருக்கோணமலைப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று, கொட்டியாரப்பற்று என்னும் நான்கு வன்னிமைப் பிரிவுகளும் ஒல்லாந்தர் காலத்திலும் அப்பெயர்களாலேயே நிருவகிக்கப்பட்டன.

நூல் ஆய்வுலகின் கைக்கு வந்ததும் ஊரார் வழியேதான். திருகோணமலைப் புலவர் வே. அகிலேசபிள்ளை (1853–1910) ஏடுகளையும் செவிவழிச் செய்திகளையும் தொகுத்து எழுதிய திருக்கோணாசல வைபவம் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது. அதே ஊரில் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை சென்னையில் இருந்து தமிழ் இலக்கணப் பதிப்புகளில் ஈடுபட்டார். அவர் தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளையோ நாயக்கர் காலத்தை வைத்து 1895இல் மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை எழுதினார். பழைய காலத்தைப் பதிப்பாகவும் புனைவாகவும் ஒரே வீட்டிலிருந்து இருவர் அணுகியது தனியே எழுதத்தக்க செய்தி. பின்னர் கா. இந்திரபாலா, செ. குணசிங்கம், சி. பத்மநாதன் ஆகியோர் கல்லெழுத்தை அருகில் வைத்து ஏட்டை வாசிக்கும் முறையை நிலைநாட்டினர். குணசிங்கத்தின் கோணேஸ்வரம் என்னும் நூல் 1973இல் வெளிவந்தது.

அம்முறைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கொட்டியாரப்பற்றைச் சேர்ந்த கங்குவேலியில் உள்ளது. 14ஆம் நூற்றாண்டுக்கும் 16ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கொள்ளப்படும் அங்குள்ள தமிழ்ச் சாசனம், மலையில் வன்னியனாரும் ஏழூர் அடப்பர்களும் அவ்வூர் வயலின் வருவாயைக் கோணநாதருக்கு விட்டதைப் பதிவுசெய்கிறது. அடப்பர் என்பது ஊர்த்தலைமைப் பட்டம். ஏட்டில் மட்டும் கண்ட வன்னியமும், ஊர்ப்பொறுப்பும், கோயிலுக்குரிய வயலும் இங்கே மெய்யாகவே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. குளக்கோட்டன் பெயரோ கலியாண்டோ இல்லை. இச்சாசனத்தை முதன்முதல் படியெடுத்துப் பதிந்தவர் திருகோணமலையின் ஒல்லாந்தத் தலைவர் வான் சென்டன். நெல் விளைச்சலைப் பெருக்கும் நோக்கோடு 1786 யூன் மாதத்தில் வயற்புறங்களைச் சுற்றிவந்த அவர், எந்த ஊரில் எத்தனை குடி, எவ்வளவு வயல் என்று குறித்துவந்த நாட்குறிப்பில் இக்கல்லின் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டார். கோணநாதருக்குரிய வயல் இது என்று சொல்லும் கல்லைப் பார்த்து எழுதிக்கொண்டு அவர் திரும்பிச் சென்றது, கோணநாதர் கோயிற் கற்களால் எழுந்த கோட்டைக்கு.